கிளட்ச்சை மிதித்தும் நகர்ந்த கார்

கிளட்ச் ரிப்பேர் என்று வருகிற பல கார்களில் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கும். பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே ஓடும் எண்ணெயில்தான் கோளாறு; ஒழுகியிருக்கும், இல்லையென்றால் காற்று புகுந்திருக்கும். மிதித்த பெடல் மேலே வராமல் நடுரோட்டில் நின்றவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய வருஷங்களில் திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் நான் மெக்கானிக்காக இருந்தபோது நடந்தவை இவை.

கால் எடுத்தது யார்?

ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், தன் டிரைவர் தாசோடு வந்தார். முந்தின நாள் சிக்னலில் நின்றிருந்த கார் தானாக நகர்ந்து, ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சைக்கிளை இடித்திருந்தது. நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. இவன் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டான், வேலையை விட்டு நிறுத்தப்போகிறேன் என்றார் முதலாளி. எடுக்கவில்லை என்றான் தாஸ்.

வெளியே ஒழுகல் இல்லை, எண்ணெயும் குறையவில்லை. காலி இடத்தில் காரை நிறுத்தி முதலாளியையே ஓட்டும் சீட்டில் உட்காரவைத்தேன். முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி இருக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கார் மெல்ல முன்னே நகர்ந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். கிளட்ச்சில் வைத்த கால் வைத்தபடியே இருந்தது. பெடல் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து, எண்ணெய் உள்ளேயே பின்வாங்கியிருக்கிறது, அதனால் காலை எடுக்காமலே கிளட்ச் பிடித்துக்கொள்கிறது என்றேன். வழக்கம்போல வேலைக்கு வந்துவிடு என்று அவர் சொன்னபோது தாஸ் கேட்டது: "வேலை இருக்கட்டும் மொதலாளி. நான் கால எடுக்கலன்னு என் பொண்டாட்டியாண்ட ஒரு தபா சொல்லிடுங்க."

ஊற்றிய எண்ணெய்

எம்.கே.பி. நகரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், பெடல் கெட்டியாகிவிட்டது, தீய்ந்த வாடை அடிக்கிறது என்றார். கிளட்ச் எண்ணெய் குறைந்திருந்ததால் வீட்டிலிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றினாராம். அதில் ரப்பரெல்லாம் ஊறி உப்பியிருந்தது. என்னோடு வேலை செய்த பாஷா, கிளட்ச் எண்ணெய் ஊற்றும் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, முதலில் பிள்ளைகளை இறங்கச் சொன்னான். பிறகு அவரிடம் மெதுவாகச் சொன்னான்: "சார், இந்த டப்பாலேர்ந்துதான் பிரேக்குக்கும் எண்ணெ போவுது."

கண்டெய்னர்களுக்கு நடுவே

ஒரு மத்தியானம், வாடகைக் கார் ஓட்டும் குமார் கடைக்கு ஓடிவந்தான். திருவொற்றியூர் ஹைரோட்டில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவன் கார் நின்றுவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு அவன் மனைவி. நடக்க முடியாது, ஆட்டோவும் நுழையாது. நான் போனபோது பெடல் தரையோடு கிடந்தது, கியர்பாக்ஸ் அருகே எண்ணெய் கொட்டியிருந்தது. ஊற்ற ஊற்ற ஒழுகியது.

இன்ஜினை அணைத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச் இல்லாமலே சாவியைத் திருப்பினேன். கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. நிற்க வேண்டுமென்றால் இன்ஜினை அணைக்க வேண்டும். மறுபடி கிளம்பினால் மறுபடி துள்ளல். பாஷா முன்னால் ஓடி லாரிகளை ஒதுக்கினான். ஒவ்வொரு துள்ளலுக்கும் அந்தப் பெண் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் கடைசியாக இன்ஜினை அணைத்து நிறுத்தினேன்.

சாயங்காலம் குமார் வந்தான். "பொண்ணு பொறந்துகீதுண்ணே, ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. ஆனா வூட்டுக்கு ஆட்டோலதான் வருவேன்னு சொல்லிட்டா."

எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒரு ஸ்பேனர் போதும். காரில் இருப்பவர்கள் அடக்கிவைத்த மூச்சை வெளியே விடவைப்பதற்குத்தான் எங்களுக்குக் கூலி.