ஆற விடாத பெட்டி

என் வாய் நல்லதில்லை. ஸ்ரீ சிட்டியில் எங்கள் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். மின்னல் வெட்டும்போது டிவி கருகாமல் காக்கிற சின்னப் பாகங்களை அங்கே சோதிக்கிறோம். அவற்றின்மேல் மின்னல் போலவே ஒரு கணம் மின்சாரத்தைப் பாய்ச்சும் சர்க்யூட் பெட்டியை வடிவமைத்தவன் நான். அப்படிப் பத்து முறை அடித்தும் தாங்கினால் பாகம் தேறும்.

பெட்டியை ஓட்டிய முதல் வாரமே பாதிப் பாகங்கள் வெடித்தன. நான் என் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை. பாகங்களை மாட்டும் கோமதியைத்தான் சந்தேகித்தேன். பிச்சாட்டூரிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி அவள். "மாட்டக்கூடத் தெரியாதா?" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். அவளை நீக்கச் சொல்லி மேனேஜருக்குக் கடிதமும் எழுதி என் மேசைமேல் வைத்தேன்.

அதை அவள் படித்துவிட்டாள். அழவில்லை. அடுத்த பாகத்தை மாட்டினாள். ஐந்தாவது அடி விழுந்ததும் பெட்டியை நிறுத்தி, பாகத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். சுட்டது, உதறினேன்.

"தாங்கல இல்ல சார்? அஞ்சு செகண்டுக்கு ஒருவாட்டி அடிச்சிக்கினே கீது உங்க பொட்டி. ஆற வுட்டாத்தானே அது நிக்கும்? உங்கள மாதிரியே செஞ்சி வெச்சிகீறீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு நிமிடம் இடைவெளி வைத்தேன். அடுத்து மாட்டிய பாகங்கள் பத்து அடியையும் தாங்கின.

கடிதத்தைக் கிழித்தேன். "தப்பு என்னுதும்மா."

"தெரியும் சார். அடுத்தது மாட்டட்டுமா?"

வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் அவள் எனக்கு உதவினாள். அந்த நன்றி குறையவில்லை. என் முன்கோபமும் குறையவில்லை, ஆனால் கத்துவதற்கு முன் என் பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.