ஜன்னல் சாத்திய வீடு

பிணைக்கிற புவனேஸ்வரி என்றால் பெரிய காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிடுவது அவள் வேலை. முடியைவிட மெல்லிய பட்டு இழைகள். காற்றுப் பட்டால் பறந்து சிக்கிக்கொள்ளும். அதனால் அவள் உட்கார்ந்ததுமே ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். காலங்காலமாக அப்படித்தான்.

கொரோனா இரண்டாம் அலை அடித்த சித்திரையிலும் அப்படித்தான் செய்தார்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் ஜனங்கள் தவிப்பதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கைலாசத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு முகூர்த்தப் புடவை ஆர்டர் வந்திருந்தது. ஊர் அடங்கினாலும் முகூர்த்தம் அடங்குமா? போன் போட்டு வரவழைத்தார். தறி போக மிச்சமிருந்த இடத்தில் புவனேஸ்வரியும், இழை எடுத்துக் கொடுக்கக் கைலாசத்தின் மனைவி மணியம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாஸ்க் போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று இருவரும் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பொழுது சாயும்வரை ஒருத்தி மூச்சை இன்னொருத்தி வாங்கினாள்.

அடுத்த வாரம் மணியம்மாள் போய்விட்டாள். அவள் பின்னாலேயே புவனேஸ்வரியின் புருஷன் உமாபதியும் போனார். காய்ச்சலில் கிடந்த புவனேஸ்வரி மட்டும் பிழைத்துக்கொண்டாள். அதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

"வூடு வூடா பூந்து வர்றவ. அவதான் கொண்டாந்து வுட்டா" என்றார்கள்.

எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கோ பிறந்த நோய், விமானம் ஏறி, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் என்று எல்லா இடத்திலும் கும்மாளம் போட்டுவிட்டு வந்தது. ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையுமாக வாழ்கிறவர்களிடம் தள்ளிப் படு என்றால் எங்கே தள்ளிப் படுப்பது? இத்தனையையும் விட்டுவிட்டு, பழியை ஒரு பெண்பிள்ளை தலையில் கட்டினார்கள்.

கொடுமை என்னவென்றால், அவளும் அதை நம்பினாள். செவிலிமேட்டுப் பக்கம் வீடு மாறினாள். கரண்ட் போய் ஃபேன் நின்றால் போதும், எதிரே மணியம்மாள் உட்கார்ந்து மூச்சு விடுவது முகத்தில் படுகிறது என்பாள். வாசலுக்கு ஓடிவந்து நிற்பாள். அமாவாசை தவறாமல் முதலில் மணியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் புருஷன் படத்துக்கு விளக்கேற்றுவாள். என்னிடமே எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள்.

இந்த வருஷம் கைலாசமே அவளைத் தேடி வந்தார். பிணைக்க வேறு ஆள் கிடைக்கவில்லையாம். அவள் போனாள். தயங்கித் தயங்கித்தான் போனாள். தறிமுன் உட்கார்ந்து விரலில் சாம்பலைத் தொட்டதும், கைலாசம் பழக்கதோஷத்தில் ஜன்னலைச் சாத்தப் போனார்.

"வாணாம்ணே! தெறந்தே இருக்கட்டும்" என்று அலறிவிட்டாள். "அண்ணிய நான்தாண்ணே கொன்னுட்டேன். என்னை மன்னிச்சிடுண்ணே" என்று அழ ஆரம்பித்தாள்.

கைலாசம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ இல்லம்மா. நீ வர்றதுக்கு முந்தின நாளே உங்க அண்ணிக்கு ஜுரம். மாத்திரை குடுத்து உக்கார வச்சேன். சொன்னா நீ வரமாட்டியேன்னு மறைச்சிட்டேன்."

புவனேஸ்வரிக்கு முதலில் நெஞ்சு லேசானது. நாலு வருஷத்தில் முதல்முறையாக இழுத்து மூச்சு விட்டாளாம். அடுத்த மூச்சு வரவில்லை.

"அப்போ எங்க வூட்டுக்காரர யாருண்ணே கொன்னது?" என்று கேட்டாள்.