ஓடாத லேசரும் ஒரு பாசி அறையும்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இயக்குநர் அறை வாசலில்தான் என் மேஜை. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். மேடம் இன்று எப்படி இருக்கிறார் என்று என் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்களாம். விஞ்ஞானிகள் அல்லவா!

மேடம் காலையில் கைப்பையைக் கீழே வைப்பதற்குள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். மூன்றாம் மாடியில் ஏசி ஒழுகும். ஒரே நுண்ணோக்கியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு பேராசிரியர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். நடுவில் மேடம்தான் தூது. கட்டுரை திரும்பி வந்துவிட்டதென்று ஒரு மாணவி வந்து உட்கார்ந்து அழுவாள். அவளைத் தேற்றி அனுப்பினால் பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். இதற்கு நடுவில் மேடத்தின் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவார்.

"சாப்பிட்டாளா?"

"இன்னும் இல்லீங்க."

"நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க."

நானும் நானாகச் சொல்வதுபோல் சொல்வேன். "அவர் கூப்பிட்டாரா?" என்று மேடம் கேட்பார்.

புதன்கிழமை மதியம் மட்டும் யாரையும் உள்ளே விடமாட்டேன். 'கூட்டம்' என்று எழுதி வைத்திருப்பேன். அந்தக் கூட்டத்துக்கு மேடமே தலைவர், மேடமே உறுப்பினர். முதல் மாடிக் கோடியில் உள்ள தன் சின்ன ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே கண்ணாடித் தட்டுகளில், மழைக்காலத்தில் சுவரில் படருமே, அந்தப் பாசி வளர்கிறது. காய்ந்து சருகான பாசி தண்ணீர் பட்டதும் எப்படி மறுபடி பச்சையாகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மாணவியாக இருந்தபோது தொடங்கியது. வெளியே வரும்போது நடையே வேறாக இருக்கும்.

"எதுக்கு அக்கா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். கூட்டம் நல்லா நடந்ததான்னு பார்த்தேன்."

இந்தச் சமயத்தில் புதிதாக ஒரு பெண் விஞ்ஞானி சேர்வதாக இருந்தது. இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வருகிறாள். உனக்குத் தனி ஆய்வகம் உண்டு என்று மேடம்தான் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் கட்டடத்தில் ஓர் அறைகூடக் காலி இல்லை. அதாவது, காலி என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மேடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு விதி போட்டார். தினமும் வேலை நடக்காத அறையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அவரே நேரில் வந்து பார்ப்பார்.

அவர் சுற்றி வந்த அன்று நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. வருஷக்கணக்கில் தூங்கிக் கிடந்த கருவிகளெல்லாம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றன. ஒருவர் பக்கத்து ஆய்வகத்து மாணவர்களை இரவல் வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டி உட்கார வைத்திருந்தார். லேசர்காரர் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த மூத்த பேராசிரியர், தன் லேசரைத் துணியால் போர்த்தி, 'அளவீடு நடக்கிறது, தொடாதீர்கள்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். மேடம் துணியைத் தூக்கினார். லேசர் மேல் ஒரு குடையும் ஒரு ஜோடி செருப்பும் இருந்தன.

"சார், இது கடைசியா எப்ப ஓடுச்சு?"

மனிதருக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "என் ரூம தாராளமா எடுத்துக்குங்க. ஆனா இங்க தண்ணிக் குழாயே கிடையாது, அந்தப் பொண்ணு தண்ணியில்லாம என்ன ஆராய்ச்சி பண்ணும்? குழாய் இருக்கிற ரூம் முதல் மாடிக் கோடியில இருக்கு. அங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் லைட் எரியுது. அது யாரு ரூம் மேடம்?"

நடையில் நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எனக்கு அந்த மனிதரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும்போல இருந்தது. நாளெல்லாம் உங்கள் சண்டையைத் தீர்க்கிறவருக்கு அங்கே போய் விளக்குப் போட ஏது நேரம்?

"நீங்க சொல்றது சரிதான் சார்," என்றார் மேடம். அவ்வளவுதான்.

அறைக்குத் திரும்பியதும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "மேடம், விதியில ஒரு வரி சேர்த்துடலாம். இயக்குநருக்கு இது பொருந்தாதுன்னு. நானே டைப் அடிச்சுக் கொண்டுவரேன்."

"அடிச்சுக் கொண்டுவந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன் அக்கா. அதனால அடிக்காதீங்க."

அந்தப் புதன்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். தட்டு தட்டாகப் பாசியை எடுத்து உலர்த்தி, காகித உறைகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினோம்.

"இதெல்லாம் செத்துடாதா மேடம்?"

"காய்ஞ்சு கிடந்தாலும் சாகாது. இத்தனை வருஷமா நான் அதைத்தானே எழுதிட்டு இருந்தேன்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி நின்றுகொண்டு உறைகளை அடுக்கினேன்.

புதியவள் வந்து சேர்ந்தாள். துறுதுறுவென்று இருந்தாள், அவளிடம் கோபப்படவும் முடியவில்லை. மேடம் அவளை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார். குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"இவ்வளவு நல்ல ரூம் கிடைக்கும்னு நினைக்கவே இல்ல மேடம். முன்னாடி இங்க யார் இருந்தாங்க? ஆராய்ச்சி முடிஞ்சு போயிட்டாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"முடியலம்மா," என்றார், சாவியை அவளிடம் நீட்டிக்கொண்டே. "அவங்களுக்கு வேற வேலை வந்துடுச்சு."