ரத்த ஆரஞ்சும் காலி அட்டையும்

பெரம்பலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே பழக்கடை வைத்திருக்கும் பாப்பாத்தி அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. இருபது வருடம் வியாபாரம் செய்தும் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கும் எனக்கே அது எரிச்சல்தான்.

போன தை மாதம் திருச்சி மார்க்கெட்டிலிருந்து புதுவகை ஆரஞ்சு எடுத்து வந்தார். அறுத்தால் உள்ளே பீட்ரூட் நிறம். அழுகல் என்று ஜனங்கள் திருப்பிக் கொடுத்தார்கள். மிஞ்சியதில் அக்கா ரசம் வைத்தார், தோலைப் போட்டு வத்தக்குழம்பு வைத்தார். அவர் வீட்டுக்காரர் ஆண்டவர் மூன்று நாள் என் கடையில் பன் தின்றார்.

அதன் பெயர் ரத்த ஆரஞ்சு என்று யாரோ சொல்ல, அக்கா அதை எழுதி மாட்டினார். தின்றால் ரத்தம் ஊறும் என்று கூட்டம் மொய்த்தது. "நெறந்தான் செவப்பு, ரத்தமெல்லாம் ஊறாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

எறையூர் மகேஷ் தினமும் நாலு பழம் வாங்குவான். மனைவி வெற்றிச்செல்விக்கு எட்டாம் மாதம். ரத்தம் ஏழுதான் இருந்தது. பத்துக்காவது ஏறவில்லை என்றால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சத்து மாத்திரை ஒழுங்கா சாப்புடுதா?" என்று அக்கா கேட்டார்.

"கொமட்டுதுன்னு நிறுத்திட்டோங்க்கா. அதான் பழம் இருக்கே."

அக்கா அவன் பையைப் பிடுங்கிப் பழங்களைக் கூடையில் திருப்பிக் கொட்டினார்.

"காலி மாத்திரை அட்டையக் கொண்டாந்து காட்டு. அப்பதான் பழம். மாத்திரைய முழுங்கிட்டு இந்தச் சாறக் குடிக்கச் சொல்லு."

"காசு குடுத்துத்தானக்கா வாங்குறேன்?"

"அப்ப வேற கடையில வாங்கிக்க."

வேறு கடையில் அந்தப் பழம் கிடையாது. அன்றுதான் எனக்கு அக்கா மேல் மரியாதை வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மகேஷ் அட்டையோடு வந்தான். காலியான குழிகளை விரலால் தடவிப் பார்த்த பிறகே அக்கா பழத்தைத் தொடுவார்.

மாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் பத்தரை. தாயும் பிள்ளையும் நலம். மகேஷ் லட்டோடு வந்து, கடையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னான்: "எல்லாம் அக்கா கடைப் பழந்தாங்க. மாத்திரைய நம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அக்கா வாயைத் திறந்தார். பிறகு லட்டைப் போட்டு மூடிக்கொண்டார்.

கூட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் முன்னால் வந்தாள். "எனக்கும் ஒரு கிலோ குடுங்க. ரத்தம் ஊறுமில்ல?"

"ஊறும்" என்றார் பாப்பாத்தி அக்கா. "மாத்திரை அட்டை எங்க?"