அவசரத்துக்குப் பார்த்த பட்டுப்புடவை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரணி பேருந்து நிலையத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். சேத்துப்பட்டில் டீச்சர் வேலை. சாயந்திரம் ஆரணியில் இறங்கி எங்கள் கிராமத்துக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும்.

அன்று இறங்கியதுமே அவசரம். கழிப்பறைப் பக்கம் ஓடினால், வாசலில் கயிறு கட்டியிருந்தது. துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு பதிக்கிற வேலை. உள்ளே தரையே இல்லை, பள்ளம்தான். மெயின் லைனையே மாற்றுவதால் இன்று திறக்க முடியாது என்று பிளம்பர் சங்கடத்தோடு சொன்னார். எங்கள் பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது.

எதிரே ஒரு பட்டுப்புடவைக் கடை. நேராகக் கேட்கக் கூச்சம். அதனால் புடவை வாங்க வந்தவள் மாதிரி போய் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா உற்சாகமாக விரிக்க ஆரம்பித்தார். மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், எனக்கு நிறம் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னொன்றை விரித்தார். எனக்கோ வேர்த்துக் கொட்டியது.

சட்டென்று கையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"புடவை எங்கயும் ஓடிப் போவாதும்மா. பின்னாடி பாத்ரூம் கீது, ஜல்தியா போய்ட்டு வாங்க."

திரும்பி வந்தபோது இரண்டு பேருக்குமே சிரிப்பை அடக்க முடியவில்லை. வெட்கத்தில், ஒரு புடவையாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

"கூச்சத்துக்கு வாங்குன புடவைய கட்ட மனசு வராதுங்க. வேலை முடியற வரைக்கும் நேரா உள்ள வாங்க."

மறுநாள் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது. பஸ் ஸ்டாண்டு வேலை முடியும்வரை பெண்கள் தயங்காமல் வரலாம் என்று எழுதியிருந்தது. உள்ளே போனால் பூக்காரம்மா, கல்லூரிப் பெண்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தது. புடவை பார்க்கத்தான் இடமில்லை.

இப்போது பேருந்து நிலையத்தில் புதுக் குழாய், நல்ல தாழ்ப்பாள், தட்டுப்பாடில்லாமல் தண்ணீர். அதைச் சொன்னதும், இனிமேல் நீங்கள் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டீர்கள் என்று அந்த அம்மா கோபித்துக்கொண்டார். போகாமல் இருப்பேனா?

வகுப்பில் எந்தக் குழந்தையாவது சொல்ல முடியாமல் நெளிந்தால், அது கை தூக்கும்வரை நான் காத்திருப்பதில்லை. சில உதவிகளைக் கேட்பதற்கு முன்னால் செய்வதுதான் மரியாதை என்று அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.