ஃபோர்மன் வீட்டுப் பின்போல் மெசின்

உருக்குப் பந்தை உருட்டி அடித்து விளையாடும் பின்போல் மெசினின் கண்ணாடியைக் கழற்றி, விளையாட்டுப் பலகையை நிமிர்த்தி, அதன் வயிற்றை ஃபோர்மன் எனக்கு முதன்முதலில் காட்டிய பிற்பகல் நன்றாக நினைவிருக்கிறது. துணி சுற்றிய வயர்கள் நூற்றுக்கணக்கில், நிறம் நிறமாய். செப்புக் கம்பிச் சுருள்கள், தீப்பெட்டி அளவு ரிலேக்கள், நடுவில் மெல்லச் சுழலும் ஒரு சிறு மோட்டார். மேலே உருக்குப் பந்து எதிலாவது மோதினால், கீழே எங்கோ ஒரு ரிலே ‘டக்’ என்று ஒட்டும். முகப்பில் எண் சக்கரம் ஒரு பல் நகரும். கொம்பியூட்டர் எதுவும் கிடையாது. “இதிலை ஒளிச்சு வைக்க ஒண்டும் இல்லை, பாரும்” என்றார்.

திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் அவர் மின்சாரப் பிரிவின் ஃபோர்மன்; நான் களஞ்சியக் கிளாக்கர். மாலுமிகளுக்கான பழைய மன்றம் ஒன்றை மூடியபோது, ஈரத்தில் ஊறிக் கிடந்த இரண்டு மெசின்களை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாவதைப் புல்மோட்டையில் ஒரு விடுதியின் பின்புறத்தில் கண்டெடுத்தார். அதற்குள் கோழி அடை கிடந்ததாம். அதுதான் பொல்லாதது. பந்தைத் திருப்பி அடிக்கும் கைகள் இரண்டும் விரல் நீளம்தான். நடு இடைவெளியோ பெரிது. கோபத்தில் மெசினை இடித்தால் விளக்கெல்லாம் அணைந்துவிடும், ஆட்டமும் போய்விடும். கடற்காற்றின் உப்பு ரிலே முனைகளைத் தின்றுகொண்டே இருக்கும்; அவர் நகம் ராவும் சின்ன அரத்தால் அவற்றைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை விட்டதும் நேரே அங்கேதான் போவேன். பந்து இறங்கும்போதெல்லாம் நான் பதறி அடிப்பேன். “அடியாதையும். முதலிலை பந்தைப் பிடிச்சு வையும்” என்பார். ஒரேயொரு தடவை அந்தப் பொல்லாத மெசினில் அவரை வென்றேன். நான் எடுத்த புள்ளிகளையும் என் பெயரின் முதலெழுத்துகளையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கிழமை முழுவதும், தானே வென்றதைப் போலப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

நகரில் குண்டு வெடித்த மறுநாள் காலை வீடு வீடாக ஆமிச் சோதனை நடந்தது. அவர் வீட்டு மெசின்களையும் திறந்திருக்கிறார்கள். வயர்கள், ரிலேக்கள், தானாகச் சுழலும் மோட்டார். பக்கத்தில் எண்களும் முதலெழுத்துகளும் மட்டும் எழுதிய ஒரு கொப்பி. விளையாட்டு என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மெசின்களை ஒரு ட்ரக்கிலும் அவரை இன்னொன்றிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை, யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர். கதிரையின் நுனியில் இருந்தபடி சொன்னார்: “தம்பி, அது விளையாட்டுச் சாமான் எண்டு நீங்கள் ஒரு கடிதம் தந்தால் காணும். அரசாங்க உத்தியோகத்தர் சொன்னால் கேப்பினம். கொப்பியிலை இருக்கிற முதலெழுத்து உங்கடை எண்டதையும் சொல்லுங்கோ.”

எழுத்து என்றதும் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினேன். “எனக்கும் பிள்ளையள் இருக்கினம், அக்கா. ஏலாது” என்றேன். அவர் தலையாட்டினார். என் மனைவி கொண்டுவந்த தேநீரை வாங்கி, குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கடிதம் எழுதியவர் வேலையிலிருந்து இளைப்பாறிய சிங்கள எஞ்சினியர் ஒருவர். அந்த வீட்டுக்கு ஒருநாளும் வராதவர், பின்போலில் கை வைத்தறியாதவர். மெசினின் மின்சுற்றை வரைந்து, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று நான்கு பக்கத்தில் விளக்கியிருந்தாராம். அதன் பிறகும் இழுபட்டு, பதினொரு மாதத்தின் பின்தான் ஃபோர்மன் வந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. புல்மோட்டை மெசின் மட்டும் திரும்பி வந்தது, வயர்களெல்லாம் வெட்டுப்பட்டு.

எப்படிப் போவது என்று தெரியாமல் இரண்டு கிழமை கழித்துப் போனேன். “வாங்கோ, இருங்கோ” என்றார். அதுவரை என்னை ‘நீர்’ என்றே அழைத்தவர். வெட்டுப்பட்ட வயர்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டே, நான் கேட்காததற்குப் பதில் சொன்னார்.

“அந்த எழுத்து ஆரின்ரை எண்டுதான் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். செத்துப்போன என்ரை தம்பியின்ரை எண்டு சொன்னனான். பயப்பிடாதேங்கோ.”

அவருக்குத் தம்பி யாரும் இருந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் ஒரு வயரை நீட்டி, “இது மஞ்சளோ வெள்ளையோ? எனக்கு இப்ப கண் மட்டு” என்றார். மஞ்சள் என்றேன். அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது.

அந்த மெசினை ஓட வைக்க அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். கிண்ணியாவிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து விளையாடுகிறார்கள். நானும் மாதம் ஒரு முறை போகிறேன். தேநீர் வரும், முதல் ஆட்டத்தை எனக்கே தருவார், தோற்றால் ஒன்றும் சொல்லமாட்டார். பந்தைப் பிடித்து வைக்கச் சொல்வதும் இல்லை. அவர் ஒருநாளாவது என்னை ஏசியிருந்தால் போவதை நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

போன கிழமை, கொழும்பில் இப்படிப்பட்ட பழைய மெசின்களைச் சேர்க்கும் ஒருவர் பார்க்க வந்திருந்தார். மூலையில் இருந்த என்னைக் காட்டி, “இவர் உங்கடை சொந்தக்காரரோ?” என்று கேட்டார்.

ஃபோர்மன் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இல்லை. முந்தி ஒபிசிலை வேலை செய்தவர்” என்றார்.

அதில் பொய் எதுவும் இல்லை.