மார்க்கேசாவின் மற்றப் பிள்ளை

இத்தாலியில், பலெர்மோ நகருக்குப் பக்கத்துப் பகேரியாவில் அம்மா வேலை செய்த வில்லாவின் சாப்பாட்டு அறையில் ஆளுயர ஓவியம் ஒன்று இருந்தது. பச்சைப் பட்டுடுத்தி, கழுத்து நிறைய முத்தோடு நிற்கும் ஒரு மார்க்கேசா, அதாவது பிரபுக் குடும்பத்துச் சீமாட்டி. அவளுடைய விருந்துக்கு அழைப்பு வராதா என்று பலெர்மோவின் பெரிய மனிதர்கள் ஏங்கிக் கிடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஓவியத்தில் அவளுக்கு வலப் பக்கம் மகன் நிற்கிறான். இடப் பக்கம் சிவப்புத் திரைச்சீலை. அந்த இடத்தில் முதலில் ஒரு மகள் நின்றிருந்தாள். சியாகுல்லி என்ற ஊரில் மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் பார்த்த ஒருவனை அவள் கட்டிக்கொண்டு போனதும், தாய்க்காரி ஓவியனைத் திரும்பக் கூப்பிட்டுப் பெற்ற பிள்ளையின் மேல் திரைச்சீலையைத் தீட்ட வைத்தாளாம். என்ன மனம் அது!

இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னவர் அந்த வீட்டு எசமானியான சிஞ்ஞோரா, ஓவியத்தில் நிற்கும் மகனின் பேத்தி. பிள்ளை குட்டி இல்லாதவர். நான் பலெர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிறுகளில் ரயில் ஏறி அம்மாவைப் பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம் அம்மாவும் சிஞ்ஞோராவும் அடுப்படியில் உட்கார்ந்து, செத்துப்போன மார்க்கேசாக்களின் கல்யாணங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊர் மன்னாரில் புது முகம் ஒன்றைக் கண்டால், "நீங்கள் ஆரின்ர பிள்ளை?" என்று கேட்டு மூன்று தலைமுறையைத் தோண்டி எடுக்காமல் அம்மா விடமாட்டா. அப்படிப்பட்டவவுக்கு இந்த வீடு பெரிய விருந்து.

வருடாவருடம் மாசி மாதத்தில் சமையலறை வாசலுக்கு ஒரு பெண் வருவார். சியாகுல்லியில் பிந்திப் பழுக்கும் மாண்டரின் ஒரு பெட்டி கொண்டுவருவார். மறைக்கப்பட்ட அந்த மகளின் பேத்திதான் அவர். சிஞ்ஞோரா கீழே இறங்கி வந்து, அவரோடு அடுப்படி மேசையில் இருந்து பழம் தின்பார். ஆனால் ஒருநாளும் அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போனதில்லை. ஒருமுறை அம்மா இருவரையும் பார்த்து, தன் உடைந்த இத்தாலிய மொழியில் முறை பிரித்துச் சொன்னா. எனக்குத் தமிழில் திரும்பவும் விளங்கப்படுத்தினா: "இவவின்ர தகப்பனும் அவவின்ர தாயும் மச்சான் மச்சாள். அப்ப இவை ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிதானே?" இத்தாலியர்களுக்கு இது தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். அம்மாவின் கணக்கில் சகோதரிகள். சிஞ்ஞோரா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சியாகுல்லிப் பெண் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுளையை வாயில் வைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்களில் சிஞ்ஞோரா கண்ணை மூடினார். எங்கள் வழக்கப்படி சாவுச் செய்தி முதலில் கூடப்பிறந்தவர்களுக்குப் போகவேண்டும். அம்மா யாரையும் கேட்கவில்லை, சியாகுல்லிக்குப் போன் எடுத்துவிட்டா. மாதா கோவிலில் அடக்கப் பூசையன்று கறுப்பு உடுப்போடு வந்த அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து முதல் வரிசை வாங்கில் கொண்டுபோய் இருத்தினா. பக்கத்தில் தானும் இருந்தா. சிஞ்ஞோராவின் தமையன் மகன், வில்லாவுக்கு வாரிசு, நேரே வந்து குனிந்து, "இது குடும்பத்து ஆட்களுக்கு" என்றான்.

"இவ சகோதரி" என்று அம்மா சொன்னா.

"என் மாமிக்குச் சகோதரியே இல்லை. பழம் விற்கிறவர்கள் பின்னால் இருக்கலாம்."

கோவில் முழுக்கக் கேட்டது. சியாகுல்லிப் பெண் எழுந்தார். அம்மாவும் எழுந்தா. இருவரும் நடு வழியால் கடைசி வாங்குவரை நடந்து போனதைச் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். செத்தவரின் வாயைத் துடைத்தது, இரவிரவாகக் கண்விழித்தது, கடைசி மூச்சுக்குச் செபம் சொன்னது எல்லாம் அம்மா. அந்த ஆள் வருடத்துக்கு ஒருமுறை நத்தார் பண்டிகைக்குத் தலை காட்டியவன்.

அடக்கம் முடிந்த கையோடு, குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைத்தவள் என்று அம்மாவை வீட்டை விட்டுப் போகச் சொன்னான். பெட்டியோடு கேற்றடியில் நின்றவவைச் சியாகுல்லிப் பெண்ணின் மகன் வந்து பழ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அம்மா அங்கேதான். வேலைக்கு வைத்திருப்பதாக அவர்களே எழுதிக் கொடுத்ததால் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதியும் தப்பியது.

அந்த வில்லாவில் இப்போது கல்யாண விருந்துகள் நடக்கின்றன. போன மாசியில் நான் சியாகுல்லிக்குப் போயிருந்தபோது அதே வாரிசு அங்கே வந்து இறங்கினான். காதலுக்காக மாளிகையைத் துறந்த மகளின் கதை மணமக்களுக்கு மிகவும் பிடிக்கிறதாம். திரைச்சீலையைச் சுரண்டி அவளை வெளியே எடுக்கப் போகிறானாம். மாண்டரின் மர்மலாட் ஜாமுக்கு அவள் பெயரை வைக்கப் போகிறானாம். அதற்கு அவளுடைய பேத்தி ஓவியத்துக்குக் கீழே, சாப்பாட்டு அறையில், நின்று ஒரு படம் எடுக்கவேண்டும். "ட்சீயா" என்று வாய் நிறைய மாமி முறை கொண்டாடினான். எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது.

சியாகுல்லிப் பெண் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மாவைக் காட்டி, "எங்கள் குடும்பத்து முறை இவளுக்குத்தான் தெரியும். இவளைக் கேள்" என்றார்.

அம்மா ஆற அமரக் கையைத் துடைத்தா. பிறகு என்னிடம் சொன்னா:

"பிள்ளை, நீ வடிவாச் சொல்லு. முறைக்கு இவர் மருமகன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. மாமி வருவா. ஆனா அண்டைக்குக் கோயில்ல எழுப்பினதுக்கு முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும்."

நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவன் அம்மாவைப் பார்த்தான், சியாகுல்லிப் பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நடிக்கிறானோ என்று நான் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே அவனுக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

"எந்தக் கோவிலில்?" என்று கேட்டான்.